சர்ப்பகந்தி எது, பாம்புக்கலா எது? ஓர் எளிய விளக்கம்

சானல்கரையிலும் பாழாய்க் கிடக்கும் விளையிலும் இடுப்புயரப் புதராக ஒரு செடி நிற்கும். கிளை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்னப் பழங்கள். அதைக் காட்டி "இதுதான் சர்ப்பகந்தி, பிரஷருக்கு நல்லது" என்று சொல்பவர்களைக் குமரி மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். பெரும்பாலும் அது சர்ப்பகந்தி இல்லை. அதன் நெருங்கிய உறவான பாம்புக்கலா.

இந்தக் குழப்பத்தால் இரண்டு கெடுதல்கள். கரையோரம் கண்டதை எல்லாம் சர்ப்பகந்தி என்று எண்ணிக்கொள்பவருக்கு, உண்மையான சர்ப்பகந்தி காட்டில் அருகிவருகிறது என்று சொன்னால் நம்பிக்கை வராது. தவறான செடியின் வேரை மருந்தென்று வாங்கி உண்பவருக்கோ உடம்புக்கே ஆபத்து. இலை, பூ, காய், வேர் என்று நான்கு இடங்களில் எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் பிரித்தறிவது கடினமல்ல.

இரண்டும் ரவுவொல்ஃபியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சர்ப்பகந்தி, ரவுவொல்ஃபியா செர்பென்டினா. சிவன்மேல்பொடி என்ற பெயரும் அதற்கு உண்டு. மலையாளம் பேசுகிறவர்கள் அமல்பொரி என்பார்கள். பாம்புக்கலா, ரவுவொல்ஃபியா டெட்ராஃபில்லா. அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை எல்லாம் அடங்கிய அப்போசைனேசி குடும்பம்தான் இவற்றுக்கும். அதனால் கிள்ளினால் இரண்டிலுமே பால் வரும். பால் வருகிறதா என்று பார்த்து இவை இரண்டையும் பிரிக்க முடியாது.

சர்ப்பகந்தி இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இயல்பாக வளரும் செடி. பாம்புக்கலா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்து இங்கே வேரூன்றிக்கொண்டது. வந்தது பெருகுகிறது, இருந்தது குறைகிறது.

நிற்கும் இடம்

செடியைத் தொடுமுன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். சர்ப்பகந்திக்கு மர நிழலும், மட்கிய இலை படிந்த ஈர மண்ணும், நீர் தேங்காத சரிவும் வேண்டும். ஈரமான இலையுதிர் காட்டின் அடித்தளம்தான் அதன் வீடு. குமரியில் அப்படிப்பட்ட சூழல் கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து அடிவாரங்களில்தான் இருக்கும். சுமார் 1,000 மீட்டருக்கு மேல் இதைப் பொதுவாக எதிர்பார்க்க வேண்டாம். வெயிலில் காயும் சாலையோரத்திலோ குப்பைமேட்டிலோ தானாக முளைத்து நிற்கிறது என்றால் அது சர்ப்பகந்தியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த மாதிரி இடமெல்லாம் பாம்புக்கலாவுக்குரியது: குளத்தாங்கரை, வாய்க்கால் ஓரம், வேலியடி, கவனிப்பாரற்ற தென்னந்தோப்பு.

உருவமும் கொஞ்சம் சொல்லும். சர்ப்பகந்தி பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாது. 30 முதல் 60 செ.மீ., நன்றாக வளர்ந்தால் 90. கிளை அதிகம் விடாமல் ஒற்றைத் தண்டாகவே எழும்பும். பாம்புக்கலா அடியிலிருந்தே கிளைத்துப் புதர் கட்டும். ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரம் அதற்குச் சாதாரணம்.

இலையை எண்ணாதீர்கள், அளந்து பாருங்கள்

சர்ப்பகந்திக்கு ஒரு கணுவில் மூன்று இலை, பாம்புக்கலாவுக்கு நான்கு என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். பாதிதான் சரி. சர்ப்பகந்தியில் சில கணுக்களில் நான்கு இலை வரும், இளஞ்செடியில் இரண்டிரண்டாக எதிரெதிரே வருவதும் உண்டு. பாம்புக்கலாவிலும் மூன்றோ ஐந்தோ வரலாம். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

நம்பத் தகுந்தது இலைகளின் அளவு. ஒரு கணுவைச் சுற்றியுள்ள இலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். சர்ப்பகந்தியில் அவை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். 8 முதல் 20 செ.மீ. நீளம், இரு முனையும் ஒடுங்கிய ஈட்டி வடிவம், மேலே பளிச்சென்ற பச்சை, அடியில் வெளிறிய நிறம், தொட்டால் மெல்லியது. பாம்புக்கலாவில் ஒரே கணுவிலேயே பெரியதும் சிறியதும் கலந்திருக்கும். பெரிய இலை உள்ளங்கை நீளம் என்றால், பக்கத்திலேயே பெருவிரல் நீளத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாறு கணுக்களில் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பாம்புக்கலாவின் இளந்தளிரில் மெல்லிய மயிர்ப்படலமும் தெரியும். சர்ப்பகந்தியின் தளிர் வழவழப்பானது.

பூ கிடைத்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம்

பூக்காத செடியைப் பார்த்து ஒரு மணி நேரம் தடுமாறுவதைவிட, அது பூக்கும்வரை காத்திருந்து ஒரு நிமிடத்தில் முடிவு கட்டலாம். சர்ப்பகந்தி முக்கியமாக மார்ச் முதல் மே வரை பூக்கும். மழை கிடைக்கும் இடத்தில் பிறகும் தொடரும். பாம்புக்கலா ஏறக்குறைய ஆண்டு முழுதும் பூவும் காயுமாக நிற்கும்.

சர்ப்பகந்தியின் பூங்கொத்து நீண்ட காம்பின் உச்சியில், இலைகளுக்கு மேலே எழுந்து நிற்கும். கொத்தின் கிளைக்காம்புகளும் புல்லிவட்டமும் (பூவின் அடியில் கிண்ணம்போல் இருக்கும் பகுதி) நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பிலிருந்து ஒன்றரை செ.மீ. அளவில் ஒல்லியான குழல் நீளும். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட அந்தக் குழல், நடுவுக்குச் சற்று மேலே லேசாகப் புடைத்திருக்கும். நுனியில் ஐந்து வெள்ளை மடல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெச்சிப்பூ என்றே தோன்றும். சந்தேகம் வந்தால் ஒரு இலைக்காம்பைக் கிள்ளுங்கள்: தெச்சியில் பால் வராது, இலையும் கணுவுக்கு இரண்டுதான்.

பாம்புக்கலாவின் பூவைக் கவனித்துத் தேடினால்தான் கண்ணில் படும். இலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் குட்டையான கொத்து. பூ ஒவ்வொன்றும் அரை செ.மீ.கூட இராது. குழல் குறுகி, குடம்போல வயிறு பருத்து, பச்சை கலந்த வெள்ளை நிறத்தில் இருக்கும். புல்லிவட்டம் பச்சை. சிவப்பு எங்கும் இல்லை. நீண்ட குழலா, குட்டைக் குடமா என்ற ஒரே கேள்வியில் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

காயில் கவனம் தேவை, ஏனென்றால் பலரை ஏமாற்றுவது காய்தான். இரண்டிலும் முற்றிய பழம் கறுப்பாகத்தான் இருக்கும். பாம்புக்கலா பச்சையிலிருந்து நல்ல சிவப்புக்கு மாறி, பிறகு கருநீலமாகக் கறுக்கும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்தே கிடக்கும். பழம் உருண்டையானது, இரண்டு பாதிகள் ஒட்டி ஒன்றானதுபோல நடுவில் ஒரு பள்ளக்கோடு ஓடும். சர்ப்பகந்தியின் பழம் சற்று நீளுருண்டை, 6 முதல் 8 மி.மீ., பளபளக்கும் கருஞ்சிவப்புக் கறுப்பு. இரட்டையாகவும் இருக்கும், ஒன்று வளராமல் போய் ஒற்றையாகவும் தொங்கும். பழத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். சிவந்த காம்பும் உதிராத புல்லிவட்டமும் அப்படியே இருந்தால் சர்ப்பகந்தி என்று கொள்ளலாம்.

பழத்தை வாயில் வைத்துச் சோதிக்க வேண்டாம். இரண்டு செடியுமே நச்சுத்தன்மை உள்ளவை. பாம்புக்கலாவின் சிவப்புப் பழம் குழந்தைகளை இழுக்கும் என்பதால், பள்ளிக்கூடத்து வேலியோரம் அது நின்றால் அகற்றிவிடுவதே நல்லது.

வேர்: கடையில் வாங்குபவர்களுக்கு

காட்டில் நிற்கும் செடியை அடையாளம் காண வேரைத் தோண்டக்கூடாது. தோண்டினால் செடி போய்விடும். ஆனால் நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த வேர்த்துண்டாகப் பார்க்கும்போது இந்த விவரம் உதவும். சர்ப்பகந்தி வேர் சற்றே முறுக்கியது, வெளிர்பழுப்பு நிறம், மேலே நீளவாக்கில் மெல்லிய சுருக்கங்கள். ஒடித்தால் நார் இழுபடாமல் பட்டென்று ஒடியும், உள்ளே வெளிர்மஞ்சள். மணம் கிடையாது, கசப்பு மிக அதிகம். பாம்புக்கலா வேர் கட்டைத்தன்மை கூடியது, கடினமானது. நுண்ணோக்கியில் வேறுபாடு இன்னும் தெளிவு: பாம்புக்கலாவின் வேர்ப்பட்டையில் கல்செல்கள், அதாவது சுவர் தடித்துக் கெட்டியான செல்கள், இருக்கும், சர்ப்பகந்தியில் இருக்காது. பொடியாக அரைத்துவிட்டால் வெறுங்கண்ணால் எதுவும் சொல்ல முடியாது. ஆகவே பொடியாக விற்பதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

ஆய்வுக்கூடத்தில், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரிசர்பின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலும் போதாது. பாம்புக்கலாவின் வேரிலும் ரிசர்பின் உண்டு; அதனால்தான் கலப்படத்துக்கு அது வசதியாகப் போயிற்று.

மலையேறுபவர்களுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும். ரவுவொல்ஃபியா ஹூக்கெரி, முன்பு மைக்ராந்தா என்று அழைக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய சிறு புதர்ச்செடி. இதன் வேரையும் சர்ப்பகந்திக்கு மாற்றாகத் தோண்டியிருக்கிறார்கள். இதன் இயல்பிடமே சின்னப் பரப்பு என்பதால் இழப்பைத் தாங்கும் திறனும் குறைவு. காட்டுக்குள் சர்ப்பகந்தியும் இல்லாமல் பாம்புக்கலாவும் இல்லாமல் மிகச் சிறிய வெள்ளைப் பூவோடு ஒரு ரவுவொல்ஃபியா தென்பட்டால், தொடாமல் படம் மட்டும் எடுத்து வாருங்கள்.

ஒன்று குறைய, ஒன்று ஏன் பெருகுகிறது

சர்ப்பகந்தியின் மதிப்பு முழுக்க வேரில் இருக்கிறது. இலை பறித்தால் மீண்டும் துளிர்க்கும், பழம் பறித்தால் அடுத்த ஆண்டு காய்க்கும். வேரைத் தோண்டினால் அந்தச் செடியின் கதை அன்றோடு முடிந்தது. வேர் பருமனாக இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். சேகரிப்பவர்கள் செடி கண்ணுக்குத் தெரியும் மழைக்காலத்திலேயே, பழம் முற்றி விதை விழும் முன்பே, தோண்டிவிடுவதுண்டு. தாய்ச்செடியும் போய், அடுத்த தலைமுறைக்கான விதையும் அதோடு போகிறது.

நெருக்கடி முற்றியதற்கு 20-ஆம் நூற்றாண்டு மருத்துவமும் ஒரு காரணம். 1931-இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் சித்திக்கியும் இந்த வேரிலிருந்து அஜ்மலின் உள்ளிட்ட ஆல்கலாய்டுகளை (உடலில் மருந்தாகவோ நஞ்சாகவோ வேலை செய்யும் செடிப் பொருள்களை) பிரித்தெடுத்தார்கள். 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் ரத்த அழுத்த நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்திக் கண்டதை பிரிட்டிஷ் இதயநோய் இதழ் ஒன்றில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து ஆய்வாளர்கள் ரிசர்பினைத் தனியாகப் பிரித்தார்கள். அதன்பின் உலகம் முழுவதும் வேருக்குக் கிராக்கி. அந்த வேர் பெருமளவு காட்டிலிருந்துதான் போனது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1990-இல் சர்ப்பகந்தி சேர்க்கப்பட்டது.

தோண்டுவதை நிறுத்தினால் தானாகப் பெருகிவிடுமா? அதுவும் எளிதல்ல. விதையைச் சுற்றிக் கல்போன்ற ஓடு. பல விதைகள் உள்ளே பருப்பில்லாத பதர். நல்ல விதையிலும் பாதிக்கு மேல் முளைத்தால் அதிர்ஷ்டம். முளைத்ததற்கு நிழலும் ஈரமும் இடைவிடாமல் வேண்டும். அடிவாரக் காடு தோட்டமாக மாறி, ஆண்டுதோறும் களை வெட்டும்போது நாற்று நிலைக்க வழியில்லை.

பாம்புக்கலாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வெயில் போதும், மண் எதுவானாலும் போதும். பழத்தைப் பறவைகள் தின்று எங்கெங்கோ விதைக்கின்றன. ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துவிடும்.

வீட்டில் வளர்க்க

குமரியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதாலும், தென்னையும் பலாவும் நிழல் தரும் புரையிடங்கள் இருப்பதாலும் சர்ப்பகந்தியை வளர்ப்பது முடியாத காரியமல்ல. விதையோ நாற்றோ பதிவுபெற்ற நாற்றங்காலிலிருந்து வாங்குங்கள்; காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்கினால் காப்பாற்றுவதாக நினைத்து அழிப்பதற்குத் துணைபோகிறோம்.

விதை புதிதாக இருக்க வேண்டும். சேமித்து வைக்கவைக்க முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். பழச்சதையைக் கையுறை போட்டுக்கொண்டு தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். விதைப்பதற்கு முன் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். மிதப்பவற்றைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மூழ்கியவை மட்டும் போதும். ஏப்ரல் கடைசியில் விதைத்தால் மழைக்கு நாற்று தயாராகும்.

பை கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய இலைக்குப்பை, ஒரு பங்கு மணல். பை 20 செ.மீ.க்குக் குறையாத ஆழம் உள்ளதாக இருக்கட்டும். குட்டைப் பையில் ஆணிவேர் அடியில் முட்டி மடங்கிச் சுருண்டுவிடும். பின்னர் நிலத்தில் நட்டாலும் அந்தச் செடி தேறாது. விதையை ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றி, அரைநிழலில் வைத்து, ஈரம் காயாமல் பூவாளியால் தெளித்து வாருங்கள். முதல் முளை 15 முதல் 20 நாளில் தலைகாட்டும். 40 நாள்வரைகூட ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். இருபதாம் நாளே "முளைக்கவில்லை" என்று பையைக் கொட்டிவிடுவதுதான் புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு.

நாற்று 10 முதல் 12 செ.மீ. உயரம் வந்ததும், முளைத்துச் சுமார் 40, 50 நாளில் நடலாம். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. கனமழைக் காலத்தில் சமதளத்தில் நட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அரை அடி உயர மேட்டுப்பாத்தி கட்டாயம். இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிர்ந்தால் பூஞ்சை இலைப்புள்ளி. நோய்ப்பட்ட இலையைப் பொறுக்கி எரித்து, செடிகளுக்கிடையே காற்றோட்டம் கொடுங்கள். செடி காரணமில்லாமல் குன்றி நின்றால் வேரில் முடிச்சு இருக்கிறதா பாருங்கள், நூற்புழுவாக இருக்கலாம். முன்பு கத்தரியோ தக்காளியோ நட்டிருந்த பாத்தியில் இந்தத் தொல்லை அதிகம். முற்றிய ரப்பர் மரத்தடி வேண்டாம். அங்கே நிழல் அளவுக்கு மீறியது. தென்னையின் கீழ் விழும் வெயிலும் நிழலும் கலந்த இடம் ஏற்றது.

வேர்த்துண்டு, தண்டுத்துண்டு மூலமும் வளரும். 3 முதல் 5 செ.மீ. வேர்த்துண்டைப் படுக்கவைத்து மூடினால் துளிர்க்கும். ஆனால் விதைச்செடியின் வேர் விளைச்சல் இவற்றைவிடப் பல மடங்கு அதிகம். இன்னொன்று: ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்டால் நூறு செடியும் ஒரே மரபணுதான். இனத்தைக் காக்க நினைப்பவர் விதையைத்தான் நாட வேண்டும். வேருக்காக வளர்ப்பவர்கள் பூங்கொத்தைக் கிள்ளி எறிவார்கள், வேர் பருக்கட்டும் என்று. அதையே நீங்களும் செய்தால் விதை கிடைக்காது. சில செடிகளையாவது பூக்கவும் பழுக்கவும் விட்டுவையுங்கள்.

அறுவடை 18 மாதத்துக்குப் பிறகு; இரண்டரை, மூன்று ஆண்டு பொறுத்தால் நல்லது. இலை உதிர்ந்திருக்கும் டிசம்பர் வாக்கில், முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சி, 40 செ.மீ.க்கு மேல் ஆழம் போகும் வேரை முறியாமல் எடுக்க வேண்டும். கழுவும்போது பட்டையைச் சுரண்டாதீர்கள். ஆல்கலாய்டில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 விழுக்காடு, பட்டையில்தான் இருக்கிறது.

மருந்தைப் பற்றி ஒரே வார்த்தை: சுயமாக வேண்டாம். ரிசர்பின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், நாடித்துடிப்பை மந்தமாக்கும், மனச்சோர்வைத் தூண்டும். மனச்சோர்வோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. பெயரில் சர்ப்பம் இருக்கிறது என்று பாம்புக்கடிக்கு இதை அரைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். நஞ்சுமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

காட்டில் சர்ப்பகந்தியைக் கண்டுவிட்டால், சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டிலோ ஓர் இலைகூடப் பறிக்க அனுமதி கிடையாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டமும் அதைக் குற்றம் என்கின்றன. படம் நான்கு எடுங்கள்: முழுச் செடி, ஒரு கணுவைச் சுற்றிய இலைகள், பக்கவாட்டில் பூ, அடிப்புறம் தெரியும்படி பழம். நாகர்கோவில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியில் மருந்துச் செடிகளைப் பற்றிப் படிக்கும் திரவியகுணத் துறையிலோ பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிலோ காட்டினால் உறுதிசெய்துவிடலாம். அந்தப் படங்களை முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடும்போது இருப்பிட வசதியை அணைத்துவிடுங்கள், ஓடையின் பெயரையும் பாறையின் பெயரையும் எழுதாதீர்கள். வேர் தேடுபவர்களும் அதே குழுக்களில்தான் இருக்கிறார்கள்.